மண் அள்ளும் இயந்திரம் விற்க வருபவரிடம் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்?

ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

பல்லடம் பக்கத்தில் இரண்டு ஜேசிபியும் செயினில் ஓடும் ஓர் இருபது டன் இட்டாச்சியும் வைத்து மணிக்கணக்கு வாடகைக்கு ஓட்டி வருகிறேன். இட்டாச்சியின் மணிமீட்டர் 11,000ஐத் தாண்டிவிட்டது. டிராக் செயின், ரோலர், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றியாகிவிட்டது. அந்தச் செலவை இன்னொரு முறை செய்வதைவிடப் புது வண்டியே எடுத்துவிடலாம் என்று வீட்டிலும் முடிவாகிவிட்டது. சென்ற பதினைந்து நாள்களில் மூன்று நிறுவனங்களிலிருந்து விற்பனையாளர்கள் வந்து போனார்கள். மூவர் சொன்ன விலையும் 60 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. குதிரைத்திறனிலோ பக்கெட்டின் கொள்ளளவிலோ சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஆனாலும் மனம் ஒருவர் பக்கமே சாய்கிறது. ஏன் சாய்கிறது என்று எனக்கே விளங்கவில்லை என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் வந்தவர் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். இரண்டாமவர் வாய் திறந்ததே தள்ளுபடியில்தான். மூன்றாமவர், வயதில் மிகச் சிறியவர், பழைய வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்டு என்னுடனேயே சைட்டுக்கு வந்தார். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி லேசாக ஆட்டும்படி ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் குனிந்து நின்று, மூட்டுகளில் இருக்கும் இரும்புப் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் இடிபடும் ஓசையைக் கேட்டார். பிறகு, "மாதத்தில் பாறை எத்தனை நாள், மண் எத்தனை நாள்?" என்றார். பாதி நாள் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டித்தான் வேலை என்றேன். அப்படியானால் ஹைட்ராலிக் ஆயிலையும் ஃபில்டரையும் புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்குக்கு வெகு முன்பே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். விற்க வந்தவர் தாமாகவே செலவைக் கூட்டிச் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது.

உங்களுக்கு விற்றவர்களில் யாரை மறுபடியும் தேடிப் போனீர்கள், எதற்காகப் போனீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாறைக்காடு:

ஏரிக்கரை ஐயா, நான் க.பரமத்தி வட்டாரத்தில் கல்குவாரிகளுக்கு வண்டி ஓட்டுகிறவன். விற்பனையாளரின் தரம் விற்கும் அன்று தெரிவதில்லை, வண்டி நின்ற அன்றுதான் தெரியும் என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் என் வண்டியின் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. எனக்கு விற்றவரை அழைத்தபோது, "நாளைக் காலை பொருள் வந்துவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி வேறு வண்டி பிடிக்காமல் இருந்துவிட்டேன். ஐந்து டிப்பர்கள் நின்றன, ஓட்டுநர்களுக்கு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் படி கொடுத்தாக வேண்டும், கிரஷர்காரர் மணிக்கொரு முறை அழைத்துக் கல் எங்கே என்று கேட்டார். நாளை என்பது திங்கள் ஆகி, திங்கள் என்பது வியாழன் ஆயிற்று. கடைசியில் பார்த்தால் அந்தப் பம்ப் தென்மாநிலக் கிடங்கு எதிலுமே இல்லையாம். அது அவருக்குச் சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது. மனம் நோகக்கூடாது என்று சொல்லவில்லையாம்.

அடுத்த வண்டியை வேறொருவரிடம் எடுத்தேன். அதிலும் கோளாறு வராமல் இல்லை; மேற்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டாரில் ஆயில் கசிந்து வண்டி நின்றது. இந்த மனிதர் பத்தே நிமிடத்தில் திரும்ப அழைத்து, "அண்ணா, சீல் கிட் இங்கே இல்லை, செவ்வாய் மாலைக்கு முன் வராது, நீங்கள் இரண்டு நாளைக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலையே வேறு வண்டி இறங்கிவிட்டது, ஒரு டிப்பரும் நிற்கவில்லை. சீல் கிட் செவ்வாய் இரவுதான் வந்தது. அதற்காக நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்தத் தொழிலில் கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்பவனுக்கே நான் பணம் கொடுப்பேன்.

பேரேடு:

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கிரஷரில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். முதலாளிகளும் ஆபரேட்டர்களும் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். நான் காகிதத்தைப் பார்க்கிறேன். விற்பனையாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டயரில் ஓடும் ஜேசிபிக்கு ஆர்டிஓ பதிவு உண்டு, ஆர்.சி. உண்டு. செயினில் ஓடும் வண்டிக்கு அது கிடையாது. அது நம்முடையது என்று காட்ட நம்மிடம் இருப்பது விற்பனைப் பட்டியல் ஒன்றுதான். அதில் சேசிஸ் எண்ணிலோ இன்ஜின் எண்ணிலோ ஓர் இலக்கம் பிறழ்ந்துவிட்டால் காப்பீட்டில் இழப்பீடு கேட்கும்போதும், கடன் முடிந்து தடையின்மைச் சான்று வாங்கும்போதும், பழைய வண்டியாக விற்கும்போதும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். எங்களிடம் ஒரு வண்டிக்குப் பட்டியலில் 8 என்று இருந்தது, வண்டியின் தகட்டில் 3 என்று இருந்தது. விற்ற கிளையில் மூன்று மாதம் அலைக்கழித்தார்கள். அதன் பிறகு எங்களுக்கு வண்டி தந்த இன்னொரு நிறுவனத்துப் பையன், டிரெய்லரிலிருந்து வண்டி இறங்கும் முன்பே டார்ச்சுடன் ஏறி, தகட்டைத் துடைத்து, எண்ணைப் படமெடுத்து, பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்னிடம் கையெழுத்துக் கேட்டான். எங்கள் முதலாளி இன்றுவரை அவனைத்தான் முதலில் அழைக்கிறார்.

இன்னொன்று மார்ச் மாதத்துப் பட்டியல். ஆண்டு இலக்கை முடிப்பதற்காக மார்ச் 31ஆம் தேதியிட்டுப் பட்டியல் போட்டுவிட்டு, வண்டியை ஏப்ரல் கடைசியில் அனுப்புகிறார்கள். தவணையும் காப்பீடும் அன்றே ஓடத் தொடங்கிவிடும். 60 லட்சம் ரூபாய் வண்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம். அந்த உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் பொருள் நம் கைக்கு வந்திருக்க வேண்டும், விற்றவர் தம் கணக்கில் ஏற்றி அது ஜிஎஸ்டி தளத்தில் நமது 2பி அறிக்கையில் தெரியவும் வேண்டும். இதையெல்லாம் அறிந்த விற்பனையாளர் அரிதாகத்தான் கிடைக்கிறார். "அதெல்லாம் அக்கவுண்ட்ஸில் பேசிக்கொள்ளுங்கள் மேடம்" என்று சொல்பவரே அதிகம்.

வெள்ளைச்சட்டை:

நான் அந்தப் பக்கத்து ஆள். மண் அள்ளும் இயந்திரங்களை விற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன, இதுவரை இரண்டு நிறுவனங்கள் மாறியிருக்கிறேன். மேலே எழுதப்பட்டவை அனைத்தும் உண்மை. பேரேடு அம்மா சொன்ன மார்ச் மாதக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். ஆனால் சில செய்திகளை எங்கள் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர்கள் நம்பிக்கை, நேர்மை, சர்வீஸ் என்று பேசுகிறார்கள். பேச்சு முடிந்து எழும்போது கேட்கும் கடைசிக் கேள்வி மட்டும், "இன்னும் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்பதாகவே இருக்கிறது. நான்கு முறை சைட்டுக்குப் போய், மண்ணைப் பார்த்து, ஏற்ற பக்கெட்டைச் சொல்லி, கடன் தரும் நிறுவனத்திடம் பேசி, எல்லாம் முடிந்த பிறகு 50,000 ரூபாய் குறைவு என்பதற்காக வேறு வண்டி எடுத்தவர்கள் எனக்குப் பலர் உண்டு. அதில் ஒருவர் ஆறு மாதம் கழித்து அந்த வேறு வண்டிக்கு மெக்கானிக் வேண்டும் என்று என்னையே அழைத்தார். அனுப்பி வைத்தேன் என்பது வேறு கதை.

எங்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை வண்டி இறங்குவதோடு முடிந்துவிடுகிறது. சர்வீஸ் தனிப் பிரிவு, உதிரி பாகம் தனிப் பிரிவு. அங்கே இருப்பவர்கள் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். நீங்கள் சனிக்கிழமை அழைக்கும்போது நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: உதிரி பாகக் கிடங்கில் இருப்பவரை அழைத்துக் கெஞ்சுவது. அந்தக் கெஞ்சலுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் மற்ற நாள்களில் நான் அவருக்கு உதவியாக இருந்திருக்க வேண்டும். வராத பாக்கியை வசூலித்துக் கொடுத்திருக்க வேண்டும், பொய்யான அவசரம் சொல்லி அவரை ஓட வைக்காமல் இருந்திருக்க வேண்டும். பாறைக்காடு அண்ணனுக்குப் பத்து நிமிடத்தில் உண்மையான பதில் கிடைத்ததற்குக் காரணம் அந்த விற்பனையாளரின் நல்ல குணம் மட்டுமன்று. கிடங்கில் இருப்பவர் அவருடைய போனை எடுத்தார், இருப்பைப் பார்த்து உண்மையைச் சொன்னார். எடுக்காத போனுக்கு மறுபுறம் நிற்பவன் "நாளை வரும்" என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்வான்?

பாறைக்காடு:

வெள்ளைச்சட்டை தம்பி, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. அவர் நமக்கு என்ன சொல்கிறார் என்பதைத்தான் இத்தனை நாள் எடை போட்டுக்கொண்டிருந்தேன்; அவர் சொன்னால் அவருடைய கிளையில் எடுபடுமா என்று கேட்டதே இல்லை.

ஆனால் 50,000 ரூபாய்க் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க மாட்டேன். நல்ல விற்பனையாளருக்காக 50,000 அதிகம் கொடுக்க நான் தயார். அவர் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பார் என்று யார் உறுதி சொல்வது? என்னிடம் ஒரு வண்டியை விற்றுவிட்டு, எட்டே மாதத்தில் போட்டி நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து வந்து, தாமே விற்ற வண்டியின் குறைகளை என் முன்னால் விரலை மடக்கி எண்ணிச் சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நெம்புகோல்:

இருபது ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு ஜேசிபி ஓட்டுகிறேன். இத்தனை பேர் எழுதியும் இருக்கையில் உட்காரப்போகிறவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று தோன்றியது.

விற்பனையாளர்கள் முதலாளியிடம் பேசுவார்கள், ஆபரேட்டரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நாள் முழுவதும் அந்த வண்டியில் உட்காருபவனுக்கு நெம்புகோல் எந்த இடத்தில் கனக்கிறது, வலதுபக்கக் கண்ணாடியில் எது மறைகிறது, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் தெரியும். எட்டாத நிப்பிளுக்கு எந்த ஆபரேட்டரும் தினம் கிரீஸ் அடிக்க மாட்டான், அந்தப் பின்தான் முதலில் தேயும்.

டெமோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனம் தன் ஆபரேட்டரை அழைத்து வந்து, இளகிய மண்ணில் இரண்டு மணி நேரம் ஓட்டி, மணிக்கு இவ்வளவு லிட்டர்தான் டீசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். அந்தக் கணக்கில் பொய் இருக்காது, ஆனால் அது நம் கணக்கு ஆகாது. டேங்கை வாய்வரை நிரப்பி, நம் சைட்டில், நம் ஆபரேட்டரை வைத்து, மணிமீட்டர் எட்டு மணி நேரம் காட்டும் வரை ஓட்டிவிட்டு, அதே சமதளத்தில் நிறுத்தி மறுபடியும் வாய்வரை நிரப்பிப் பார்த்தால் வருவதுதான் நம் கணக்கு. இதற்கு ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர் தம் வண்டியை அறிந்தவர். என் பழைய முதலாளியிடம் ஒருவர் ஒப்புக்கொண்டது மட்டுமன்றி, மாலை வரை புழுதியில் நின்று, "உங்கள் ஆபரேட்டர் டிப்பருக்காகக் காத்திருக்கும்போது ஆக்சிலரேட்டரைக் குறைப்பதில்லை, வண்டியை மாற்றினாலும் டீசல் குறையாது" என்று சொன்னார். அந்த ஆபரேட்டர் நான்தான். அன்று முகம் சுருங்கியது. மறுநாளிலிருந்து ஆக்சிலரேட்டர் டயலைக் குறைக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது ஜேசிபியில் லைவ்லிங்க், கோமட்சுவில் கோம்ட்ராக்ஸ் என்று வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் முதலாளியின் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதை ஆபரேட்டரைக் கண்காணிக்கும் கருவி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. டிப்பர் போதாமல்தான் வண்டி சும்மா நிற்கிறது என்பதையும் அதே கணக்குக் காட்டுகிறது என்று எடுத்துச் சொல்லும் விற்பனையாளரை நான் மதிப்பேன்.

பழையவண்டி:

நான் பழைய இயந்திரங்களை வாங்கி விற்பவன், ஆகையால் சுருக்கமாக. எல்லோரும் நல்ல காலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்கும் அன்றே, ஐந்து ஆண்டு கழித்து இது எவ்வளவுக்குப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் சொல்பவர் மிகச் சிலர். நம் ஊரில் பொக்லைன், இட்டாச்சி, ஜேசிபி என்பவையெல்லாம் நிறுவனப் பெயர்கள் என்பதே மறந்துபோய், பொக்லைன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரில் எல் அண்டு டி செய்த வண்டியின் பெயரால் கொரிய வண்டியையும் சீன வண்டியையும் அழைக்கிறோம். வாயில் எல்லாம் பொக்லைன்தான், ஆனால் சந்தையில் விலை ஒன்றாக இருப்பதில்லை. "எங்கள் வண்டிக்கு மறுவிற்பனை கொஞ்சம் குறைவு, அதனால்தான் விலையைக் குறைத்துத் தருகிறோம்" என்று என் நண்பரிடம் ஒரு விற்பனையாளர் வெளிப்படையாகச் சொன்னார். நண்பர் அந்த வண்டியைத்தான் வாங்கினார்.

வெள்ளைச்சட்டை:

பழையவண்டி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சக்கரத்தில் ஓடும் கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் கட்டப் புகை விதியும் 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்ட விதியும் வந்தன. ஒவ்வொரு முறையும் பழைய விதி வண்டியை விலை ஏறும் முன் வாங்கிவிடுங்கள் என்று ஓட்டமாய் ஓடி விற்றோம். புது வண்டியில் சென்சார்கள் அதிகம், புகை வடிகட்டியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டிக்கு நேரம் கொடுக்க வேண்டும், கேனில் வரும் கலப்பட டீசல் ஒத்துக்கொள்ளாது என்பதை விற்கும்போதே சொன்னவர்களுக்குப் பிறகு சண்டை வரவில்லை. சொல்லாமல் விற்றவர்களின் வாடிக்கையாளர்கள் மஞ்சள் விளக்கு எரிந்ததும் வண்டியே கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேரேடு:

தவணையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் மண் வேலை படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தவணை அட்டவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகையைக் காட்டும். மழை மாதங்களில் குறைத்தும் தை முதல் வைகாசி வரை கூட்டியும் கட்டும்படி கடன் நிறுவனத்திடம் பேசி வாங்கித் தந்த ஒரு விற்பனையாளரை எனக்குத் தெரியும். அதற்கு அவருக்குத் தனியாக எதுவும் கிடைத்திருக்காது. ஏரிக்கரை ஐயா, உங்கள் மூவரில் யாராவது மழையைப் பற்றிக் கேட்டார்களா?

ஏரிக்கரை:

யாரும் கேட்கவில்லை அம்மா, நான்தான் கேட்டேன். இங்கே வந்த பதில்களை வைத்துக்கொண்டு இந்த வாரம் மூவரையும் மறுபடியும் பார்த்தேன். மூவரிடமும் ஒரே கேள்வி: உங்களிடம் வண்டி வாங்கி உங்களோடு சண்டை போட்ட ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.

தள்ளுபடிக்காரர் சிரித்து, தம்மிடம் யாரும் சண்டை போட்டதில்லை என்றார். என் மனம் சாய்ந்திருந்த அந்தச் சிறியவர் சற்றுத் தயங்கி, தாம் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இன்னும் யாரும் சண்டை போடும் அளவுக்கு வரவில்லை என்று உண்மையையே சொன்னார். நாற்காலியை விட்டு எழாத முதலாமவர் உடனே இரண்டு எண்களைக் கொடுத்தார்.

அதில் ஒருவரை அழைத்தேன். அரை மணி நேரம் அந்த விற்பனையாளரைத் திட்டினார். சொன்ன தேதிக்கு வண்டி வரவில்லை, பிரேக்கருக்கு ஆயில் போகும் பைப் லைனில் கசிவு, இப்படி நிறைய. திட்டி முடித்ததும், "ஆனால் ஒன்று, நான் திட்டுவதற்காக அழைத்த எந்த அழைப்பையும் அவர் எடுக்காமல் இருந்ததில்லை, அந்தப் பைப் லைனைக் கிளை மேலாளரோடு மல்லுக்கட்டி இலவசமாக மாற்றிக் கொடுத்தார்" என்றார். அதன் பிறகு, வெள்ளைச்சட்டை தம்பி சொன்னதை நினைத்துக்கொண்டு, கோவையில் இரண்டு கிளைகளுக்கும் சொல்லாமல் போனேன். ஒரு கிளையின் உதிரி பாக கவுன்ட்டரில் சிறியவரின் பெயரைச் சொன்னபோது, யார் அது என்று கேட்டார்கள். இன்னொரு கிளையில் டேப்லெட்காரரின் பெயரைச் சொன்னதும் கவுன்ட்டரில் இருந்தவர், "அவர் அனுப்பினாரா, உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முன்பணத்தை நேற்று டேப்லெட்காரரிடம் கொடுத்துவிட்டேன். மழை மாதங்களுக்கான தவணைக் குறைப்பையும், எங்கள் சைட்டில் எட்டு மணி நேர டீசல் சோதனையையும் எழுதி வாங்கிக்கொண்டேன். சேசிஸ் எண்ணை இறக்கும் முன்பே பார்க்க என் மகன் டார்ச்சுடன் தயாராக இருக்கிறான்.

சிறியவருக்கு நானே அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பிரேக்கர் லைன் கம்பெனியில் பொருத்தி வருகிறதா, வெளியே போட்டுத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள் சார், வெளியே போட்டால் வாரண்டியில் பேச்சு வரும்" என்றார். கேட்டேன், வெளியேதான் போடுவதாக இருந்தது, இப்போது மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனின் எண்ணைக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். ஜேசிபிகளில் மூத்தது இன்னும் இரண்டு ஆண்டு தாங்கும்.